மதினியின் ஒருசந்தி

தபசு காலம் பிறந்தால் எங்கள் வீட்டில் முதலில் காணாமல் போவது உப்புதான். சாம்பல் புதனன்று கோவிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்து அடுப்படிக்குள் நுழைந்தால், உப்பு போட்டு வைக்கும் மரவை இருந்த இடம் காலியாக இருக்கும். எங்கே என்று தேட வேண்டியதில்லை. என் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, அதைத் துணியில் கட்டி நெற்குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பாள். ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் வரைக்கும் அது வெளியே வராது. தபசு காலத்தில் உப்பை விட்டுவிடுவதாக ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். ஆனால் வீட்டில் உலை ஒன்று, குழம்புச் சட்டி ஒன்று. அதனால் எல்லோரும் சேர்ந்தே விட்டோம்.

மதினிக்குப் பேர் உண்டு. எழுதப் போவதில்லை. எழுதினால் அவளுடைய பேரை வைத்திருக்கிற என் பேத்திமார் இரண்டு பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஏரலுக்கு மேற்கே, ஆற்றின் தென்கரையில் எங்கள் ஊர். வாழையும் நெல்லும்தான் பிழைப்பு. மாமனார் மாமியார் இரண்டு பேரும் வாந்திபேதியில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அதற்குள் மதினி தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள், கையில் குழந்தை கிடையாது. தம்பியையும் கடைசித் தங்கச்சி ராயம்மாவையும் அவள்தான் வளர்த்து ஆளாக்கினாள். மாமியார் இல்லாத வீடு, உனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது என்று சொல்லித்தான் என்னை அங்கே கட்டிக் கொடுத்தார்கள். சொன்னவர்கள் மதினியைப் பார்த்திருக்கவில்லை.

எங்கள் வேதத்தில், பாஸ்குக்கு முந்தின நாற்பது நாளான தபசு காலத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. பெரியவர்கள் ஒருசந்தி பிடிக்க வேண்டும். மத்தியானம் ஒரு வேளை வயிறாரச் சாப்பாடு, ராத்திரி கொஞ்சம் பலகாரம், அவ்வளவுதான். மாமிசம் கூடாது. வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப்பாதை. பாஸ்குக்கு முன்னால் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்க வேண்டும். நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் ஒருசந்தி இல்லை. மற்றவர்களுக்கு இது போதுமானதாக இருந்தது. மதினிக்குப் போதவில்லை. திருச்சபை ஒரு பங்கு கேட்டால் அவள் மூன்று பங்கு கொடுப்பாள், அதில் இரண்டு பங்கு எங்கள் கணக்கில் போகும்.

கல்யாணமாகி வந்த முதல் தபசு காலத்தில், புதுப்பெண் என்ற துணிச்சலில், குழம்பில் உப்பு இல்லையே மதினி என்று கேட்டுவிட்டேன்.

"சிலுவையில தொங்குனவருக்குக் காடியக் குடிக்கக் குடுத்தானுவ. ஒனக்கு உப்பு கேக்குதாக்கும்?" என்றாள்.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார். அவர் சின்ன வயதிலேயே பழகியவர். கொல்லைப்பக்கம் போய் மடியிலிருந்து எதையோ எடுத்து நக்கிக்கொள்வார். உப்புக்கல்தான் அது என்று எனக்குத் தெரிய இரண்டு வாரம் ஆயிற்று. தெரிந்த பிறகு எனக்கும் ஒரு கல் வாங்கிக்கொண்டேன்.

உப்பு நிரந்தரம். அதன் மேல் ஒவ்வொரு வருஷமும் ஒன்று கூடும். ஒரு வருஷம் வெற்றிலையை விட்டாள். வெற்றிலை போடாத மதினியோடு ஒரு வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் செத்த ஆத்துமாக்கள் வெந்து கிடக்கிற உத்தரிக்கிற ஸ்தலம் எப்படி இருக்கும் என்று தெரியும். பால்காரன் எங்கள் தெருவுக்குள் வருவதை நிறுத்தினான். பாஸ்குக்கு ஒரு வாரம் இருக்க, குருத்தோலை ஞாயிறன்று என் வீட்டுக்காரர் தாங்க முடியாமல் வெற்றிலையையும் பாக்கையும் இடித்துக் கையில் ஏந்திக்கொண்டு போனார். "அக்கா, ஒனக்குப் பதிலா நான் ஒரு வாரம் பச்சத்தண்ணியோட இருக்கேன். நீ இதப் போட்டுக்க" என்று கெஞ்சினார்.

"ஏலே, சாத்தான் ஒன் ரூபத்துல வந்து நிக்கான்" என்று சொல்லி விளக்குமாற்றை எடுத்துவிட்டாள்.

இன்னொரு வருஷம் பாயை விட்டாள். வெறுந்தரையில் படுத்து இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்தது நான். குப்புறப் படுத்தபடி, "இந்த வலியையும் ஆண்டவருக்கு ஒப்புக்குடுக்குதேன்" என்பாள். என் கை வலியை நான் யாருக்கு ஒப்புக்கொடுக்க என்று வாய் வரை வரும். விழுங்கிவிடுவேன். அந்த வருஷம் நான் பிடித்த ஒருசந்தி அதுதான்.

கோபத்தில் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிக்கொண்டு போகிறேன். என் மூத்தவனுக்குக் காய்ச்சல் கண்டு கண் செருகிக் கிடந்தபோது அவனை மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தவளும் இவள்தான். அப்போது நேர்ச்சையும் இல்லை, ஒப்புக்கொடுத்தலும் இல்லை. பிள்ளை கண் திறந்து கஞ்சி கேட்டபோது அவள் அழுதாள். எனக்கு அவள் மேல் உயிர். அதனால்தான் அவள் செய்வது எதையும் பொறுக்க முடியவில்லை.

தன் ஒருசந்தி பிடித்தது போக மிச்ச நேரத்தில் ஊராருடைய ஒருசந்தியையும் கவனிப்பாள். எங்கள் வீட்டு அடுப்பு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தவறாமல் அணைந்துபோகும். உடனே தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டு நெருப்பு வாங்கப் புறப்படுவாள். ஒரு வீட்டில் வாங்கினால் போதாதா? நாலு வீடு ஏறி இறங்குவாள். "நெருப்பு இருக்காட்டி?" என்று கேட்டுக்கொண்டே சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்துவிடுவாள். தபசு காலத்தில் மதினி வருகிறாள் என்றால் குற்றமே செய்யாதவர்களும் சட்டியை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வார்கள்.

அந்தச் சிரட்டையால் வந்ததுதான் எல்லாம். எனக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம், தபசு காலத்து வெள்ளிக்கிழமை. ராயம்மா வாழ்க்கைப்பட்டிருந்தது எதிர்வீட்டில். நடுவில் ஒரு முடுக்கு, இரண்டு பேர் எதிரெதிராக வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். மதினி நெருப்புக்குப் போய் மூடியைத் தூக்கினாள். உள்ளே கோழிச்சாறு கொதித்துக்கொண்டிருந்தது. ராயம்மா அப்போது நிறைமாதத்துக்கு நெருங்கிய பிள்ளைத்தாய்ச்சி. எதைத் தின்றாலும் வயிற்றில் தங்காமல் நோஞ்சானாய்க் கிடந்தாள். மருத்துவச்சி சொல்லி, கோவில் சாமியாரிடம் உத்தரவும் வாங்கித்தான் சாறு வைத்திருந்தாள்.

மதினி அதையெல்லாம் கேட்கவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டுவந்து முடுக்கில் கொட்டினாள். "ஆண்டவரு பாடுபட்ட நாளுல கோழி கேக்குதாட்டி ஒனக்கு? நான் வளத்த வளப்பா இது?" என்று தெருவே கூடும்படி கத்தினாள்.

ராயம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "வயித்துல சொமக்கவளுக்குத்தான் தெரியும். ஒனக்கு என்ன தெரியும்?" என்றாள்.

மதினி கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். உடைக்கவில்லை, பைய வைத்தாள். திரும்பி எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டாள். அன்றிலிருந்து பதினைந்து வருஷம் அக்காளுக்கும் தங்கச்சிக்கும் பேச்சு இல்லை. அந்த வாசற்படியை அவள் மிதிக்கவும் இல்லை.

பேச்சு இல்லை என்பது முழுக்கச் சரியில்லை. ராயம்மா வீட்டு வெள்ளாடு முடுக்கில்தான் கட்டியிருக்கும். மதினி அதனோடு பேசுவாள்.

"ஏ வெள்ளச்சி! ஒங்க வீட்டு முருங்கக்கொம்ப ஒடிக்க ஆளில்லியா? எல்லாம் எங்க கூரையிலல்லா வந்து சாயுது!"

உள்ளேயிருந்து ராயம்மாவின் குரல் வரும். "வெள்ளச்சி, ஆள் வரும்னு சொல்லு. அவுக கூரை என்ன தங்கத்துல வேஞ்சதா?"

ஊரில் யாருக்குச் சுகமில்லை, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு வருகிறது, எந்தத் துணிக்காரன் ஏமாற்றுகிறான் எல்லாம் அந்த ஆட்டின் வழியாகத்தான் முடுக்கைத் தாண்டும். ராயம்மாவுக்குப் பெண் பிறந்த அன்று, "வெள்ளச்சி, பிள்ளைக்கு வசம்பு கட்டியாச்சான்னு கேளு" என்று மதினி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "கட்டியாச்சு" என்று பதில் வந்த பிறகுதான் உள்ளே வந்தாள். அந்த ஆடு செத்து, அதன் குட்டி வளர்ந்து, குட்டியின் குட்டியும் வந்தது. கறுப்பாகப் பிறந்ததற்கும் வெள்ளச்சி என்றுதான் பேர். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும். ஆட்டைப் பார்த்துச் சொல்வதை முகத்தைப் பார்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அந்தப் பெண் ஞானப்பூவுக்கு இந்தச் சண்டையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. தவழக் கற்றதும் முடுக்கைத் தாண்டி மதினி மடிக்கு வந்துவிட்டாள். அவளுக்குத் தலை பின்னி விடுவதும் செபம் சொல்லிக் கொடுப்பதும் மதினிதான்.

இன்னும் ஒன்றும் உண்டு. வருஷத்துக்கு ஒரு நாள், பெரிய வெள்ளியன்று, அக்காளும் தங்கச்சியும் ஆடு இல்லாமலே ஒருவருக்கொருவர் குரல் கொடுப்பார்கள். எங்கள் கோவிலில் சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவர் சுரூபத்தைக் கிடத்தி வைத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பது வழக்கம். பூங்காவனத்தில் ஆண்டவர் இரத்தம் வேர்த்ததிலிருந்து கல்லறை வரைக்கும் பாட்டாகவே போகும். ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள், எதிரில் இருப்பவள் எதிர்ப்பாட்டுப் பாடுவாள். இவர்களுடைய அம்மா பாடிய பாட்டு அது. மூத்தவளுக்கு அடியையும் இளையவளுக்கு எதிர்ப்பாட்டையும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். சண்டைக்குப் பிறகும் அது நிற்கவில்லை. ஆண்டவருக்காகப் பாடுவது பேச்சில் சேராது என்பது மதினியின் சட்டம். முகம் பார்க்காமல் சுரூபத்தைப் பார்த்தபடியே இரண்டு பேரும் பாடுவார்கள். சுற்றி இருக்கிறவர்கள் கண்ணில் தண்ணீர் நிற்காது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் ஞானப்பூவுக்கு அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வந்தது. நல்ல இடம். எல்லாம் பேசி முடிந்த பிறகு அவர்கள் ஒன்று கேட்டார்கள். தாய்மாமன் வீட்டோடு பேச்சு இல்லையாமே, நாளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தும் அப்படித்தானா என்றார்கள். பாஸ்கு ஞாயிறன்று வருகிறோம், இரண்டு வீடும் சேர்ந்து நின்று வாங்க என்று சொன்னால் கோவிலில் கல்யாண ஓலை வாசிக்கக் கொடுப்போம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தாய்மாமன் என்றால் என் வீட்டுக்காரர். ராயம்மா வந்து அழுதாள். அவர் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்னத் தூக்கி வளத்தவ அவ. அவ வராத வாசல்ல நான் மட்டும் எப்படிட்டி வந்து நிக்க?" என்றார். மதினியிடம் போய்க் கேட்டார். "ஞானப்பூவுக்கு என் காதுல கெடக்கதக் கழத்திக் குடுக்கேன். அந்த வாசல மட்டும் மிதிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

கடைசியில் சாமியாரிடம் போய் முறையிட்டோம். பிரான்சு தேசத்திலிருந்து வந்தவர் அவர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர், கத்திரிக்காய் கேட்டாலும் பிரசங்கம் செய்வது போலவே இருக்கும். ஆனால் ஊர் நடப்பு தெரிந்தவர். தபசு காலம் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை மதினி வழக்கம்போல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று சாமியார் வெளியில் சொல்லக் கூடாது. மதினிக்கு அப்படிக் கட்டு எதுவும் இல்லை. கோவில் வாசலில் நின்று ஊருக்கே சொன்னாள்.

"கேட்டீயளா இந்த அநியாயத்த? இந்த வருசம் எனக்கு ஒருசந்தியே வேண்டாமாம்! உப்பும் உண்ணும், வெற்றிலையும் உண்ணும், தங்கையிடம் சென்று ஒரு வார்த்தை பேசும், அதுவே உமக்குத் தபசுங்காவ. பேசாட்டி மன்னிப்பும் இல்ல, பாஸ்கு நற்கருணையும் இல்லியாம். நான் என்ன அஞ்ஞானியா, ஒருசந்தி இல்லாம இருக்கதுக்கு?"

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் அவளால் முடியவில்லை. பட்டினி கிடக்கச் சொல்லியிருந்தால் கிடந்திருப்பாள். முழங்காலால் ஆற்றங்கரை வரை நடக்கச் சொல்லியிருந்தால் சந்தோஷமாக நடந்திருப்பாள்.

அதற்கு அவள் கண்டுபிடித்த வழியை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. சாம்பல் புதன் காலையில், நெற்றிச் சாம்பலோடு முற்றத்தின் நடுவில் நின்று சொன்னாள். "இந்தத் தபசு காலத்துக்கு நான் பேச்ச விடுதேன். பாஸ்குப் பூச முடியுதமுட்டும் வாயத் தொறக்கமாட்டேன். செபமும் மனசுக்குள்ளதான். பிலாத்து முன்னால ஆண்டவரு பேசினாரா?"

வாயை மூடிக்கொண்டாள். பேச்சே இல்லாதவளைப் பார்த்து தங்கச்சியோடு பேசு என்று யார் சொல்ல முடியும்? பாவசங்கீர்த்தனத்துக்கும் போக வேண்டியதில்லை. ஆண்டவரையே சாட்சிக்கு இழுத்து, ஆண்டவர் கேட்டதைக் கொடுக்காமல் தப்பித்துக்கொண்டாள். ராயம்மா மகள் கல்யாணம் இதில் அடிபட்டுப் போகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காமல் இருந்தாள்.

மதினி பேசாமல் இருந்தால் வீடு அமைதியாக இருக்கும் என்று நினைத்தேன். எனக்குப் புத்தி போதாது. அகப்பைக் காம்பால் பித்தளைச் செம்பைத் தட்டத் தொடங்கினாள். தண்ணீருக்கு ஒரு தட்டு, என்னைக் கூப்பிட ஒரு தட்டு, நான் செய்தது சரியில்லை என்பதற்கு விடாமல் தட்டு. பிசான நெல் அறுத்து முற்றத்தில் காயப் போட்டிருந்தோம். ஒரு நாள் மத்தியானம் செம்பு அலறியது. ஓடி வந்தேன். மதினி வானத்தைக் காட்டினாள். பிறகு குனிந்து இரண்டு கையாலும் எதையோ வாரி நெஞ்சோடு சேர்த்துக் காட்டினாள். மறுபடியும் வானம், மறுபடியும் நெஞ்சு. தபசு காலம் ஆயிற்றே, பரலோகத்தை நினைத்து நெஞ்சில் தட்டிக்கொண்டு மனஸ்தாபப்படச் சொல்கிறாள் என்று நினைத்து முழங்காலில் நின்றேன். வயலிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் நான் முழங்காலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் தலைத்துண்டை எடுத்துவிட்டுத் தானும் நின்றார். கோடை மழை கொட்டித் தீர்த்தது. நெல் முழுக்க நனைந்தது. மழை வருகிறது, நெல்லை வாரு என்றுதான் அவள் சொல்லியிருக்கிறாள். அன்று மட்டும் அவளுக்குப் பேச முடிந்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் ஊரில் இருந்திருக்க முடியாது.

ஆனால் என்னைவிட அதிகம் கஷ்டப்பட்டது ராயம்மாதான். ஒரு நாள் தண்ணீர்க் குடத்தோடு ஆற்றிலிருந்து வரும்போது என்னை நிறுத்தினாள். அண்ணன் பெண்டாட்டி என்பதால் அவளுக்கு நான் மதினி.

"மதினி, அவ ஆட்டுகிட்டகூடப் பேசமாட்டேங்காளே" என்றாள்.

"வாயே தொறக்கக் கூடாதுன்னு நேர்ச்சையாம்."

"கூரைய ஒடிச்சிட்டுப் போற மாதிரி முருங்கக்கொம்ப வேணும்னே அவ பக்கமா இழுத்துக் கட்டினேன். அதுக்கும் ஒண்ணும் சொல்லல. வெள்ளச்சி அவ வாசலப் பாத்துக் கத்திட்டே கெடக்கு." குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு முகத்தைத் துடைத்தாள். "பதினஞ்சு வருசமா அவ சத்தத்தக் கேட்டுட்டுத்தான மதினி நான் அடுப்பு பத்த வச்சேன்? இப்ப ஒண்ணுமே ஓடமாட்டேங்கு."

மதினி மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. பேசாமலிருந்த பதினைந்து வருஷமும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அதையும் புண்ணியம் என்ற பேரில் ஒருத்தி அறுத்துவிட்டாள்.

பெரிய வெள்ளி வந்தது. பூசைப்பீடத்துச் சுரூபங்களெல்லாம் ஊதாத் துணியால் மூடியிருந்தன. ஆண்டவர் சுரூபத்தைக் கிடத்தினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தோம். மதினி வழக்கமான இடத்தில் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அடியெடுத்துக் கொடுக்க ஆளில்லை. கூட்டம் காத்திருந்தது. சாமியார் ஓரமாக நின்றார். கடைசியில் ராயம்மாவே தொடங்கினாள்.

பூங்காவனத்தைக் கடந்தாள். பிலாத்துவின் அரண்மனையைத் தட்டுத் தடுமாறிக் கடந்தாள். சிலுவை சுமந்து ஆண்டவர் முதல் தடவை விழுந்தார். அடுத்து மாதா வழியில் வந்து மகனைக் காண வேண்டும். ராயம்மா அதை விட்டுவிட்டு, ஆண்டவர் முகத்தைத் துணியால் துடைத்த ஸ்திரீக்குப் போய்விட்டாள். மதினியின் கை தரையைத் தட்டியது. ராயம்மா நிறுத்தவில்லை. மதினி இன்னும் ஓங்கித் தட்டினாள். ராயம்மா துணியை விரித்து முகத்தைத் துடைக்கிற வரிக்கு வந்துவிட்டாள்.

"ஏட்டி, நில்லுட்டி!"

கோவில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"மாதா எங்கட்டி? பெத்தவ பாதையில நிக்குதா, மகன் மொகத்தப் பாக்கணும்னு நிக்குதா. அவள அங்கன நிறுத்திட்டு நீ பாட்டுக்குப் போறியே! அம்ம இப்படியா பாடுனா?"

ராயம்மாவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "எனக்கு எதிர்ப்பாட்டுதான தெரியும்? அடியெடுத்துக் குடுக்கது நீதான? அம்ம ஒனக்குத்தான சொல்லிக்குடுத்தா? நீ வாய மூடிட்டு இருந்தா நான் எங்க போவேன், அக்கா?"

மதினி திரும்பி அவளைப் பார்த்தாள். முகத்தைத்தான் பார்த்தாள். பிறகு மாதா மகனைக் கண்ட அடியை எடுத்தாள். அந்த இடத்தில் எந்த வருஷமும் அவள் குரல் கம்மும். ராயம்மா எதிர்ப்பாட்டுப் பாடினாள். கல்லறை வரைக்கும் இரண்டு பேரும் நிறுத்தவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். "அக்கா, பேசிட்டியே!" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். மதினி அகப்பையை எடுத்துச் செம்பை விடாமல் தட்டினாள். இல்லை என்று அர்த்தம். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோவிலில் செபம் சொல்லிக் கொடுக்கும் உபதேசியார் வந்தார். பாட்டைத் திருத்தியது செபத்தோடு சேர்ந்தது, பேச்சாகாது, நேர்ச்சை முறியவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். மதினிக்கு முகமெல்லாம் நிறைவு. ஆயுசில் ஒரு நேர்ச்சையையும் முறிக்காதவள் என்ற பேர் தப்பித்துவிட்டது.

அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. பதினாறு வருஷமாக உப்பில்லாமல் விழுங்கியதெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது.

"மதினி, நேர்ச்ச முறியலன்னா ராயம்மாகிட்ட நீங்க பேசலன்னு அர்த்தம். பேசலன்னா ஒங்களுக்குப் பாஸ்கு இல்ல, ஞானப்பூவுக்குக் கலியாணமும் இல்ல. பேசிட்டீயன்னா நேர்ச்ச முறிஞ்சுபோச்சு. ரெண்டும் சேந்து கெடைக்காது. நேர்ச்ச வேணுமா, தங்கச்சி வேணுமா, நீங்களே சொல்லுங்க. செம்பத் தட்டாதீங்க. வாயத் தொறந்து சொல்லுங்க!"

அவள் சொல்லவில்லை. செம்பையும் தட்டவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஞானப்பூ வந்து தலை பின்னச் சொல்லி முதுகோடு சாய்ந்தாள். மதினி பின்னி முடித்தாள், அவிழ்த்தாள், மறுபடியும் பின்னினாள்.

சனிக்கிழமை காலையில் சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்காரப் போகும்போது மதினி வரிசையைப் பிளந்துகொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். வரிசையில் நான் இருந்தேன், ராயம்மாவும் இருந்தாள்.

"சாமி, நான் நேர்ச்சைய முறிச்சிட்டேன். தங்கச்சிகிட்டப் பேசிட்டேன்" என்றாள்.

அவள் தலை குனிந்து நான் பார்த்தது அன்றுதான். சாமியார் வழி விட்டு நின்றார். "மிக்க நன்று, அம்மா. உள்ளே வாரும்" என்றார்.

வெளியே வந்தவள் ராயம்மாவைப் பார்த்து, "ஒன்னாலதாண்டி" என்று முறைத்துவிட்டு முன்னால் நடந்தாள். நானும் ராயம்மாவும் என் வீட்டுக்காரரும் பின்னால் நடந்தோம். முடுக்கு வந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் எதிர்வாசலில் ஏறினாள். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியில் அவள் கால் பட்டது. ஞானப்பூ அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். நெருப்பின் மேல் சட்டி. மதினியின் கை பழக்கத்தில் மூடியைத் தூக்கிவிட்டது.

கோழிச்சாறு. எங்கள் கோவில் வழக்கப்படி அன்று மத்தியான மணி அடித்தால்தான் தபசு காலம் முடிந்த மாதிரி. மணி இன்னும் அடிக்கவில்லை. மணி அடித்ததும் குடிக்க வேண்டும் என்று முன்னதாகவே வைத்துவிட்டிருக்கிறாள் பெண். ராயம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். என் வீட்டுக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். சட்டியை இப்போது கொட்டப் போகிறாள், இன்னும் பதினைந்து வருஷம் ஆடு மேய்க்க வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன்.

மதினி மூடியைக் கையில் பிடித்தபடி சட்டிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு விறகை வெளியே இழுத்தாள். "பைய எரியட்டும். மணி அடிக்க நேரம் கெடக்கு" என்றாள். அடுப்பின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரவுக வரும்போது நான் இங்கன இருக்கணுமா, வேண்டாமாட்டி?"

"இரு அக்கா" என்றாள் ராயம்மா.

"உப்புப் போட்டியா இதுல?"

"இன்னும் போடல."

மதினி மரவையை இழுத்துக் கை நிறைய அள்ளிப் போட்டாள். கலக்கினாள். இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டாள்.

மணி அடித்ததும் எல்லோருக்கும் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். வாயில் வைக்க முடியவில்லை. கடல் தண்ணீர் தோற்றது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இத்தனை தபசு காலத்து உப்பையும் ஒரே சட்டியில் போட்டு எங்கள் தலையில் கட்டிவிட்டாள். ராயம்மா மட்டும் மடக் மடக்கென்று குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து, அக்கா."